முப்பத்தோராவது இடம்

கி.பி. 67-ஆம் வருஷத்துக் கோடையில், பாலஸ்தீனத்தின் வடபாகமாகிய கலிலேயாவில், ஜோடபாடா என்னும் மலைக்கோட்டையை ரோமானியச் சேனை முற்றுகையிட்டிருந்தது. சேனாதிபதி வெஸ்பாஸியன். கோட்டைக்குள்ளே யூதர்களின் தலைவராக இருந்தவர் மத்தியாஸின் குமாரர் யோசேப்பு. பிற்காலத்தில் ஜோஸிபஸ் என்ற பெயரால் உலகம் அறிந்த மனிதர் இவரே. அப்போது அவருக்கு வயது முப்பது.

முற்றுகை 47 நாள் நீடித்தது. ஜோஸிபஸ் பெரிய வீரர் என்று சொல்வதைக் காட்டிலும் பெரிய தந்திரசாலி என்று சொல்வதே பொருந்தும். கோட்டைக்குள் தண்ணீர்ப் பஞ்சம் தலைகாட்டியபோது, துணிகளை நீரில் நனைத்துக் கொத்தளங்களின் மேல் தொங்கவிடச் செய்தார். மதில் முழுவதும் நீர் சொட்டுவதைக் கண்ட ரோமானியர், ‘குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்களா இப்படி வீண் செய்வார்கள்?’ என்று மயங்கிப் போயினர். பகைவர் பலகை போட்டு மதில்மேல் ஏற முயன்றபோது வேகவைத்த வெந்தயத்தைப் பலகைகளின் மேல் கொட்டச் செய்தாராம். நம் வீட்டு ஸ்திரீகளுக்கு வெந்தயத்தின் வழவழப்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கவசம் பூண்ட ரோமானியச் சிப்பாய்கள் அதன்மேல் காலூன்ற முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சறுக்கி விழுந்தனர். இவையெல்லாம் ஜோஸிபஸ் தாமே எழுதி வைத்த ‘யூத யுத்தம்’ என்னும் சரித்திரத்தில் உள்ளவை. தம்முடைய சாமர்த்தியத்தை அவர் எங்கேயும் குறைத்துச் சொல்லவில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு தந்திரம் செய்தும் கோட்டை விழுந்துவிட்டது. களைத்துத் தூங்கிய காவலர்களை வெட்டிக்கொண்டு ரோமானியர் விடியற்காலையில் உள்ளே புகுந்தனர். ஜோஸிபஸ் ஒரு பாழுங்குழியில் குதித்தார். அதன் பக்கவாட்டில் வெளிப்பார்வைக்குத் தெரியாத குகையொன்று இருந்தது. அங்கே ஊர்ப் பிரமுகர்கள் நாற்பது பேர் முன்பே ஒளிந்திருந்தனர். இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள், பிடிபட்ட ஒரு ஸ்திரீயின் வாயிலாகச் செய்தி வெளிப்பட்டுவிட்டது. வெஸ்பாஸியன் தூதர்களை அனுப்பி, சரணடைந்தால் உயிர்ப்பிச்சை அளிப்பதாக வாக்களித்தான். ஜோஸிபஸும் சம்மதித்தார்.

உடன் இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. ‘அந்நியனிடம் அடிமைப்பட்டு உயிர் வாழ்வதா? எத்தனை பேரை நீ சுதந்தரத்துக்காகச் சாகும்படி தூண்டினாய்!’ என்று வாளை உருவிக்கொண்டு சூழ்ந்தனர். ஜோஸிபஸ் தற்கொலை மகாபாபம் என்று நீண்டதொரு பிரசங்கம் செய்து பார்த்தார். பயனில்லை. கடைசியில், ‘சாவது என்று தீர்மானித்தபின் சீட்டுப் போட்டுக்கொள்வோம். முதற் சீட்டு விழுந்தவனை இரண்டாம் சீட்டு விழுந்தவன் கொல்லட்டும். அவனை அடுத்தவன் கொல்லட்டும். இவ்விதமாக எவனும் தன் கையால் தன்னை மாய்த்துக்கொள்ள வேண்டியதில்லை’ என்று ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஒருவர் பின் ஒருவராகக் கழுத்தை நீட்டினர்.

முடிவில் மிஞ்சியவர் இருவர். ஒருவர் பெயர் தெரியாத யாரோ. மற்றவர் ஜோஸிபஸ்! அந்த இன்னொருவரை நயமாகப் பேசி இணங்கச் செய்து, இருவரும் வெளியே வந்து சரணடைந்தனர். இது தற்செயலோ, தெய்வ சங்கற்பமோ என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுகிறார் சரித்திராசிரியர். அவ்வளவு நீளமான பிரசங்கத்தை வரி பிசகாமல் எழுதி வைத்த மனிதர், இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவதுதான் நமக்குச் சந்தேகத்தை உண்டாக்குகிறது.

சந்தேகம் நமக்கு மட்டும் உண்டானதன்று. அவருடைய நூலுக்கு ஸ்லாவிய பாஷையில் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு. அதில் அந்த இடத்தில், ஜோஸிபஸ் எண்களைத் தந்திரமாக எண்ணி எல்லோரையும் ஏமாற்றினார் என்று பச்சையாகவே போட்டிருக்கிறது. ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்குப் பின்னர் இதைக் கணித வல்லுநர்கள் பிடித்துக்கொண்டனர். இத்தாலியரான கார்டானோ 1539-இல் ஒரு கணக்குக்கு ஜோஸிபஸின் பெயரைச் சூட்டினார். 1612-இல் பிரெஞ்சு தேசத்துப் பாஷே என்பவர் வேடிக்கைக் கணக்குகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். (டயோபாண்டஸின் கிரேக்க கணித நூலை 1621-இல் பதிப்பித்தவரும் இவரே. அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான் பெர்மா தம்முடைய பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதி, 350 வருஷங்களுக்கு மேல் உலகத்தைத் திணற வைத்தார்.) பாஷே அந்தக் கணக்கை அமைத்துக் கொடுத்த விதம் இது: குகையில் 41 பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒரு இடத்தில் தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவது ஆளைக் கொன்றுவிட வேண்டும். அடுத்தவரிலிருந்து மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. இப்படியே வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். ஜோஸிபஸும் அவருடைய கூட்டாளியும் தப்ப வேண்டுமானால் எந்த இரண்டு இடங்களில் போய் நின்றுகொள்ள வேண்டும்?

விடை 16-ம் 31-ம். அதை அறியும் வழியைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

வீட்டில் புளியங்கொட்டைக்கோ சோழிக்கோ குறைவில்லை. முதலில் 41 வேண்டாம். ஆறு கொட்டைகளை வட்டமாக வைத்துக்கொள்ளலாம். 1 முதல் 6 வரை இலக்கம் கொடுங்கள். மூன்றாவதை எடுக்க வேண்டும்: 3 போயிற்று. பிறகு 4, 5, 6: ஆறாவது போயிற்று. பிறகு 1, 2, 4: நான்காவது போயிற்று. பிறகு 5, 1, 2: இரண்டாவது போயிற்று. மிஞ்சியவை 5-ம் 1-ம். 5, 1, 5 என்று எண்ணினால் ஐந்தாவதும் போய், முதலாவது தப்புகிறது. நாற்பத்தொரு கொட்டைகளையும் இப்படியே செய்யலாம். முதற் சுற்றில் 3, 6, 9 என்று 39 வரையில் பதின்மூன்று பேர் வீழ்வார்கள். அடுத்து 40, 41, 1 என்று எண்ணினால், முதலிடத்தில் நின்ற அப்பாவி வீழ்வான். அதற்கடுத்து 2, 4, 5 என்று எண்ண, ஐந்தாமவன். பொறுமையிருந்தால் கால் மணி நேரத்தில் கடைசி இரண்டு கொட்டைகளுக்கு வந்துவிடலாம்.

ஆகவே, ஜோஸிபஸ் பெரிய கணித மேதையாக இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமேயில்லை. குகைத் தரையில் கூழாங்கற்களும், இருட்டில் ஒரு மூலையும் அகப்பட்டிருந்தால் போதும். இரண்டு நாள் அவகாசமும் இருந்தது.

ஆனால் கொட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாக எடுப்பது விடையைத் தருமேயன்றிக் காரணத்தைத் தராது. 41-க்குப் பதில் 42 பேர் என்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொல்லையை நீக்கும் யுக்தி ஒன்று உண்டு. அதைக் கண்டபோது நமக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்களுக்கும் அளிக்க விரும்புகிறோம்.

எல்லோரும் முன்னோக்கிப் பார்க்கிறார்கள்: 41, 40, 39 என்று ஆட்கள் குறைவதைப் பார்க்கிறார்கள். நாம் பின்னோக்கிப் பார்ப்போம். 40 பேர் கொண்ட வட்டத்தில் தப்பும் இடம் எது என்பது எப்படியோ நமக்குத் தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 41 பேர் நிற்கிறார்கள். முதல் முறை எண்ணியவுடன் 3-ஆம் ஆள் விழுந்துவிடுகிறார். மிச்சம் 40 பேர். எண்ணிக்கை 4-ஆம் ஆளிடமிருந்து தொடங்குகிறது. அதாவது, நமக்கு விடை தெரிந்த அதே 40 பேர் வட்டந்தான் இது! ஒரே வித்தியாசம், அங்கே ‘1’ என்று பெயர் பெற்றவருக்கு இங்கே ‘4’ என்று பெயர். அங்கே ‘2’ இங்கே ‘5’. ஆகவே 40 பேரில் தப்பும் இடத்தோடு மூன்றைக் கூட்டினால் 41 பேரில் தப்பும் இடம் கிடைத்துவிடும். கூட்டிய தொகை ஆட்களின் எண்ணிக்கைக்கு மேல் போனால், வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டோம் என்று பொருள். அந்த எண்ணிக்கையைக் கழித்துவிட வேண்டும், தேவையானால் மறுபடியும்.

யுக்தி இவ்வளவுதான். ஒருவரே நிற்கும் வட்டத்தில் தப்புகிறவர் அவரேயன்றோ? அங்கிருந்து ஏறிக்கொண்டே போகலாம். 1 ஆளுக்கு விடை 1. இரண்டு பேருக்கு 1-ம் 3-ம் 4. இரண்டைக் கழிக்க, 2. மூன்று பேருக்கு 5. மூன்றைக் கழிக்க, 2. நான்கு பேருக்கு 5, கழிக்க, 1. ஐந்து பேருக்கு 4. ஆறு பேருக்கு 7, கழிக்க, 1. சற்றுமுன் புளியங்கொட்டை சொன்ன அதே பதில்! இப்படி நாற்பது கூட்டல்களில் 41-ஐ அடைந்தால் 31 என்று வந்து நிற்கும்.

இதிலும் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆட்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏற, தப்பும் இடம் மூன்று மூன்றாக ஏறுகிறது. ஆகவே இரண்டுக்குமுள்ள இடைவெளி இரண்டிரண்டாகக் குறைகிறது. இடம் எண்ணிக்கையைத் தாண்டும் தருணத்தில் மட்டுமே மறுபடி 1-க்கோ 2-க்கோ வந்து விழுகிறது. அப்படி விழும் எண்கள் 4, 6, 9, 14, 21, 31, 47, 70 என்று போகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 31 பேருக்கு விடை 1 என்று தெரிந்தால் இடையிலுள்ள படிகளெல்லாம் வீண். 41 அதற்கு மேல் பத்துப் படி. பத்து மூன்று முப்பது. அதனோடு 1 சேர்ந்தால் 31. ஒரு நொடியில் ஆயிற்று!

ஜோஸிபஸின் கூட்டாளிக்குரிய இடமும் இதே ஏணியில் கிடைக்கும். ஏணியின் அடிப்படி மட்டும் வேறு. இருவர் நிற்கும்போது 1, 2, 1 என்று எண்ண, விழுகிறவர் முதலாமவர். ஆகவே இரண்டு பேருக்கு விடை 1 என்று தொடங்க வேண்டும். மூன்று பேருக்கு 4, கழிக்க, 1. நான்கு பேருக்கு 4. இவ்விதம் ஏறிப் போனால் 36 பேருக்கு 1 என்று வரும். அதற்கு மேல் ஐந்து படி, பதினைந்து; ஆக 16. பாஷே சொன்ன இரண்டு இடங்களும் சரியாகிவிட்டன. குகையில் எண்ணிக்கை நிறுத்தப்படாமல் இன்னும் ஒரு முறை நடந்திருந்தால் விழுந்திருக்கக்கூடியவர் 16-ஆம் இடத்துக்காரரே. 31-ல் நிற்கும் ஆசாமி தனக்கு முன்னால் அவரைத் தள்ளிவிட்டுத்தான் நிற்கிறார். கூட்டாளிக்கு இந்த விவரம் சொல்லப்பட்டிருக்குமா என்பது கணிதத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி.

மூன்றாவது ஆளுக்குப் பதிலாக ஒருவர் விட்டு ஒருவரை நீக்கினால், ஏணிகூடத் தேவையில்லை. எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்போம். முதற் சுற்றில் 2, 4, 6, 8 போய்விடுகின்றன. எண்ணிக்கை மறுபடியும் 1-லிருந்தே தொடங்குகிறது. நால்வர் இருவராகவும், இருவர் ஒருவராகவும் இதேபோல் பாதி பாதியாகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 1 தப்புகிறார். ஆகவே 2, 4, 8, 16, 32 என்ற இரட்டிப்பு எண்களில் எதுவானாலும் தப்புகிறவர் முதலாமவர்தான். 41 பேரானால்? அவர்களில் ஒன்பது பேர் விழும்வரை காத்திருங்கள், மிச்சம் 32. அப்போது விழுந்தவர்கள் 2, 4, 6 என்று 18 வரையில். அடுத்தபடி எண்ணிக்கையைத் தொடங்குகிறவர் 19. அவரே அந்த 32 பேருக்கு முதலாமவர், அவரே தப்புகிறவர். விதி இது: எண்ணிக்கைக்குள் அடங்கும் மிகப் பெரிய இரட்டிப்பு எண்ணைக் கழித்து, மிச்சத்தை இரட்டித்து ஒன்று சேர்க்க வேண்டும். சீட்டு வித்தைக்காரர்கள் ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைத்து, அடுத்ததைக் கீழே போட்டு, கடைசியில் நீங்கள் நினைத்த சீட்டையே கையில் காட்டுவதன் இரகசியம் இதுவேயாகும்.

ஒன்றும் சைபரும் கொண்டே எல்லா எண்களையும் எழுதும் முறையில் இது இன்னும் வேடிக்கையாகத் தெரியும். அம்முறையில் 41 என்பது 101001. முதலில் உள்ள ஒன்றைப் பெயர்த்துக் கடைசியில் ஒட்டுங்கள்: 010011. அது 19. கம்ப்யூட்டர்களுக்குத் தாய்பாஷை இந்த ஒன்றும் சைபருந்தான். ஆகவே கம்ப்யூட்டர் பயிலும் மாணவர்களுக்கு இக்கணக்கை விடாமல் கொடுத்து வருகிறார்கள். கிரஹாம், நூத், படாஷ்னிக் என்னும் மூவர் சேர்ந்து 1989-இல் வெளியிட்ட ‘கான்க்ரீட் மாதமாடிக்ஸ்’ என்ற பிரபலமான பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே இது இடம் பெற்றிருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைச் சுட்டிக்காட்டும்படி யந்திரத்தில் ஒரு வட்டம் அமைத்து, மூன்றாவது கண்ணியைக் கழற்றிக் கழற்றி எறிவது ஒரு முறை. அது புளியங்கொட்டை முறையேயன்றி வேறில்லை. ஒரு கோடி பேர் வட்டமானால் யந்திரம் மூன்று கோடி தடவை எண்ண வேண்டும். கூட்டல் ஏணிக்கு ஒரு கோடி படிகள் போதும். ஒன்றரை மடங்காகத் தாவும் குறுக்கு வழிக்கோ ஏறக்குறைய நாற்பது தாவல்கள்! யந்திரம் எவ்வளவு வேகமானதாயிருந்தாலும், எந்த வழியில் போகச் சொல்வது என்பதை மனிதன்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப் படிப்படியாக விடைக்கு வழிகாட்டும் முறைக்கு ‘அல்காரிதம்’ என்று பெயர் வழங்குகிறார்கள். அந்தப் பெயரின் பூர்வோத்தரம் நம் தேசத்தோடு சம்பந்தமுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்தில் அல்-குவாரிஸ்மி என்ற பெரியார், பாரத தேசத்து எண் முறையையும் சைபரையும் விளக்கி அரபியில் ஒரு நூல் செய்தார். அது லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது அவருடைய பெயர் ‘அல்காரித்மி’ என்று திரிந்தது. ஐரோப்பியர்கள் இந்திய இலக்கங்களை வைத்துக் கணக்குப் போடும் முறைக்கே அந்தப் பெயரை இட்டுவிட்டார்கள். சரக்கு ஒருவருடையது, முத்திரை இன்னொருவருடையது. ஆனால் அல்-குவாரிஸ்மியைக் குறை சொல்ல இடமில்லை. அவர் அவற்றை இந்தியர்களின் எண்கள் என்றே சொல்லிப் போந்தார்.

மூன்றாவது ஆளை நீக்கும் கணக்குக்கு, இரண்டாவது ஆளுக்குச் சொன்னதுபோல் ஒரே மூச்சில் விடை சொல்லும் விதி உண்டா? ஆய்லர் என்ற மகா மேதையும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அக்கட்டுரை அச்சேறியது 1776-இல். ஸ்காத்லாந்துப் பண்டிதர் டெய்ட் 1898-இல் எழுதினார். 1991-இல் ஒட்லிஸ்கோ, வில்ப் என்ற இருவர், 1.622 என்று தொடங்கும் ஒரு விசித்திரமான எண்ணை வைத்துக்கொண்டு விதி கூறினர். ஆனால் அந்த எண்ணின் தசம ஸ்தானங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மேலே சொன்ன 4, 6, 9, 14 என்ற ஏணியில்தான் ஏறிப் போக வேண்டும்! சுற்றிச் சுற்றி வந்தும் ஏணி நம்மை விடுவதாயில்லை.

ஐரோப்பாவில் இக்கணக்கு மத்திய காலத்திலிருந்தே வேறொரு வேஷத்தில் உலவியது. ஒரு கப்பலில் 15 கிறிஸ்தவர்களும் 15 துருக்கியர்களும் போகிறார்கள். புயல் வீசுகிறது. பாதிப் பேரைக் கடலில் எறிந்தாலன்றிக் கப்பல் தப்பாது. வட்டமாக நிற்க வைத்து ஒன்பதாவது ஆளை எறிவது என்று ஏற்பாடு. துருக்கியர் மட்டுமே விழும்படி எப்படி நிற்க வைப்பது? நால்வர் கிறிஸ்தவர், ஐவர் துருக்கியர், இருவர் கிறிஸ்தவர், ஒருவர் துருக்கியர் என்று தொடங்கும் ஒரு வரிசை உண்டு. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள லத்தீனில் ஒரு பாட்டு வரியும் கட்டியிருந்தார்கள். அதில் வரும் உயிரெழுத்துக்களே ஆள் தொகையைக் குறிக்கும்: ‘ஆ’வுக்கு ஒன்று, ‘ஏ’க்கு இரண்டு, ‘ஈ’க்கு மூன்று, ‘ஓ’வுக்கு நான்கு, ‘ஊ’வுக்கு ஐந்து. யுக்தி அழகானதுதான். ஆனால் அண்டை மதத்தார் பதினைந்து பேரையும் முழுகடிப்பதைக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கணக்காகச் சொல்லிக் கொடுத்த மனப்பான்மையை நாம் மெச்ச முடியவில்லை. சில பிரதிகளில் துருக்கியருக்குப் பதில் யூதர்கள் முழுகுகிறார்கள். எண்ணுகிறவன் எந்தப் பக்கத்தவனோ, அந்தப் பக்கமே எப்பொழுதும் கரையேறுகிறது!

நம் ஊர்களில் சிறுமிகள் வட்டமாக உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, ஒருத்தி பாட்டுப் பாடியபடி ஒவ்வொரு காலாகத் தொட்டுச் செல்ல, பாட்டின் கடைசிச் சொல் விழுந்த காலை மடக்கிக்கொள்ளும் ஆட்டத்தைப் பார்த்திராதவர் யார்? அதுவும் இதே கணக்குத்தான். பாட்டில் எத்தனை தட்டுக்களோ, அத்தனையாவது கால் மடங்குகிறது. பாட்டைத் தன் காலிலிருந்து தொடங்குவதா, அடுத்தவள் காலிலிருந்து தொடங்குவதா என்று அந்தப் பெண்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் அர்த்தமற்றதன்று. எங்கே தொடங்குவது என்பதுதான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது.

இதை ஜப்பானியர் நன்கு உணர்ந்திருந்தனர். யோஷிதா மிட்சுயோஷியின் ‘ஜின்கோகி’ என்னும் கணித நூலில் (முதற் பதிப்பு 1627) இக்கணக்கு ஒரு குடும்பக் கதையாக வருகிறது. ஒரு பிரபுவுக்கு முப்பது குழந்தைகள்: மூத்தாளுக்குப் பதினைந்து, இளையாளுக்குப் பதினைந்து. சொத்து ஒருவருக்கே போக வேண்டும். இளையாள் எல்லாக் குழந்தைகளையும் வட்டமாக நிறுத்திப் பத்தாவது குழந்தையை நீக்கிக்கொண்டே வருகிறாள். அவள் நிறுத்தி வைத்த சாமர்த்தியம், மூத்தாளின் குழந்தைகளே ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. பதினாலு பேர் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரே குழந்தை, ‘இது நியாயமன்று, இனிமேலாவது என்னிடமிருந்து தொடங்கி எண்ண வேண்டும்’ என்று கேட்கிறது. பதினைந்துக்கு ஒன்று, என்ன ஆகிவிடப் போகிறது என்று மாற்றாந்தாய் சம்மதிக்கிறாள். எண்ணுகிறாள். அவள் பெற்ற பதினைந்தும் வெளியேறிவிடுகின்றன!

இதை நம் ஏணியைக் கொண்டு சரிபார்த்துவிடலாம். இப்போது கூட்ட வேண்டியது மூன்றன்று, பத்து. ஒருவருக்கு 1, இருவருக்கு 11, இரண்டிரண்டாகக் கழிக்க 1, மூவருக்கு 11, கழிக்க 2, நால்வருக்கு 4. இப்படியே ஏறினால் பதினைந்து பேருக்கு 7 என்று வரும். பதினாறு பேருக்கு 17, கழிக்க, 1. எங்கிருந்து தொடங்குகிறோமோ அந்தக் குழந்தையே தப்பும். ஒரு குழந்தை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அதன் கோரிக்கை பலித்திராது. 17-க்கு விடை 11, 15-க்கு 7.

இந்த விளையாட்டு ஜின்கோகிக்கு மிகவும் முற்பட்டது. பதினாலாம் நூற்றாண்டில் கென்கோ என்னும் பௌத்த சந்நியாசி தம்முடைய ‘த்ஸுரேஸுரேகுஸா’ என்ற நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். காய்களை அடுக்கியிருக்கும்போது எந்தக் காய் எடுபடும் என்று தெரிவதில்லை. எண்ணி ஒன்றை எடுத்தவுடன் மற்றவை தப்பிவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் எண்ண எண்ண எல்லாம் எடுபட்டுத்தான் போகின்றன என்று மரணத்துக்கு அதை உவமையாக்குகிறார். கணிதக்காரர்கள் கடைசியில் நிற்பவரையே பார்க்கிறார்கள். சந்நியாசி மற்றவர்களைப் பார்த்தார்.

மறுபடியும் ஜோஸிபஸிடம் வருவோம். அவர் உண்மையில் மோசம் செய்தாரா? அவருடைய மூல நூலில் வட்டமும் இல்லை, மூன்றாவது ஆளும் இல்லை. சீட்டு என்றுதான் இருக்கிறது. சீட்டு நேர்மையாக விழுந்திருந்தால், 41 பேரில் கடைசி இருவருள் ஒருவராக அவர் மிஞ்சுவதற்குச் சாத்தியம் 41-ல் 2. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நடக்கக்கூடாததன்று. யாராவது இருவர் மிஞ்சித்தானே ஆக வேண்டும்? ஆனால் யோசனை சொன்னவரும், உயிர் வாழ விரும்பியவரும், சீட்டுப் போடுவதை மேற்பார்வை பார்த்தவரும் ஒருவரே என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஸ்லாவிய மொழிபெயர்ப்பாளரின் பக்கமே நம் மனம் சாய்கிறது. பின்னால் நடந்தவையும் அந்தச் சந்தேகத்தைக் குறைப்பதாயில்லை. பிடிபட்ட ஜோஸிபஸ் வெஸ்பாஸியனைப் பார்த்து, ‘நீர் சக்கரவர்த்தியாவீர்’ என்று ஜோசியம் சொன்னார். கி.பி. 69-இல் அது பலித்தது, விலங்கு கழன்றது. 70-இல் ஜெருசலேம் நகரத்தை ரோமானியர் சுற்றி வளைத்தபோது, அவர் மதிலுக்கு வெளியே பகைவரின் பக்கத்தில் நின்று தம் ஜனங்களைச் சரணடையும்படி கூவிக்கொண்டிருந்தார். நகரமும் ஆலயமும் அழிந்தன. அவருக்கு ரோமாபுரியில் குடியுரிமையும், உபகாரச் சம்பளமும், சக்கரவர்த்தியின் பழைய மாளிகையில் வாசமும் கிடைத்தன. அங்கே உட்கார்ந்துதான் சரித்திரம் எழுதினார். குகையில் மாண்ட முப்பத்தொன்பது பேருக்கும் எழுத அவகாசமில்லை.

அதே நூலின் இறுதிப் பாகத்தில் இன்னொரு சீட்டுக் கதை இருக்கிறது. யூதர்களின் கடைசிக் கோட்டையாகிய மஸாடா கி.பி. 73 அல்லது 74-இல் விழப் போகும் தருணம். தலைவர் எலியஸார் பென் யாயிர் என்பவரின் சொற்படி, ஆடவர் தத்தம் மனைவி மக்களை முதலில் மாய்த்தனர். பின்னர் சீட்டுப் போட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தனர். அந்தப் பத்துப் பேர் மற்ற ஆடவரை வெட்டினர். அப்பதின்மரும் மறுபடி சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தனர். அவன் ஒன்பது பேரையும் வெட்டிவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான். மாண்டவர் 960 பேர் என்றும், நீர்க் குழாயில் ஒளிந்திருந்த இரு ஸ்திரீகளும் ஐந்து குழந்தைகளும் மட்டுமே பிழைத்தனர் என்றும் ஜோஸிபஸ் எழுதுகிறார். இங்கே கடைசியாக நின்றவன் தப்பவில்லை.

1963 முதல் 1965 வரையில் மஸாடாவில் யிகேல் யாடின் என்ற ஆராய்ச்சியாளர் அகழ்ந்து பார்த்தபோது, சிறு சிறு மட்பாண்டத் துண்டுகள் பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஒரு துண்டில் ‘பென் யாயிர்’ என்ற பெயர். இவையே அந்தச் சீட்டுக்கள் என்று யாடின் கருதினார். பத்துக்குப் பதில் பதினொன்று இருப்பானேன் என்று மற்றப் பண்டிதர்கள் ஆட்சேபித்தனர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.